பெயர் முடிவாகும் வரை

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தோம். திரையில் இருக்கும் எழுத்தை அது தமிழில் வாய்விட்டுப் படிக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. இதைப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசித் தொண்டை கட்டியவன் நான்.

வேலை முடிந்து ஏழு மாதம் ஆகியும் அது ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த எங்கள் அறையைத் தாண்டவில்லை. மென்பொருளின் முகப்புத் திரையில் "இது ஒரு ....... மென்பொருள்" என்று ஒரு வரி. புள்ளி வைத்த இடத்தில் என்ன போடுவது என்று ஒருமனதாக முடிவாகும் வரை ஒரு நகல்கூட வெளியே போகக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் செயலாளர். செயலாளர் நான்தான்.

சனிக்கிழமைதோறும் கூடினோம். "இலவச" முதல் வாரமே அடிபட்டது.

"சும்மா கிடைக்குதுன்னா எவன் மதிப்பான்? இது காசு விஷயம் இல்லீங்க, உரிமை விஷயம்," என்றார் தாடிக்காரர். அவர் கட்சி "கட்டற்ற".

"அவுத்துவிட்ட மாடு மாதிரி இருக்கு," என்றார் தமிழாசிரியர். அவருக்கு "சுதந்திர"தான் வேண்டும்.

வங்கிக்காரர் பாவம், "திறந்த மூல" என்று வாயைத் திறந்தார்.

"போர்டுல போட்டுடாதீங்க, டாக்டர் இருக்காரான்னு வந்து நிப்பாங்க," என்றார் தாடிக்காரர்.

வங்கிக்காரர் கோபித்துக்கொண்டு மூன்று வாரம் வரவில்லை. அவர் இல்லாமல் ஒருமனது ஏது? ஒத்திவைத்தோம்.

வீட்டில் என் அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஓர் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருபது வருட வேலை. மாதம் முடிவதற்குள் கணினியில் வரும் கடிதங்களை யார் உதவியும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு என்று மேலாளர் சொல்லிவிட்டார். நான் கூட்டம் முடிந்து வரும்போதெல்லாம், "ஆச்சாடா?" என்பாள். "அடுத்த வாரம்க்கா," என்பேன். மென்பொருள் என் மடிக்கணினியிலேயே இருந்தது. ஆனால் செயலாளரே விதியை மீறினால் ஊர் சிரிக்காதா?

கடைசியில் வெட்கத்தை விட்டு, அக்காவுக்கு மட்டும் ஒரு நகல் தர அனுமதி கேட்டேன். அதை "வழங்குதல்" என்று எழுதுவதா, "பகிர்தல்" என்று எழுதுவதா என்று இரண்டு மணி நேரம் போனது. எப்படியோ ஐந்து கையெழுத்தும் விழுந்தது. தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, அனுமதி கிடைச்சிருச்சு!"

அவள் ஓர் உறையை நீட்டினாள். "நேத்து ஆபீஸ்ல குடுத்தாங்க. படிச்சுச் சொல்லு."

மாதத்தின் கடைசி வேலைநாள் நேற்றோடு போயிருந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படித்தேன். இருபது வருடச் சேவைக்கு நன்றி, திங்கட்கிழமை முதல் வர வேண்டியதில்லை என்று இருந்தது.

"அந்த நகல் எடுக்க யாருகிட்டடா அனுமதி கேக்கணும்?" என்றாள் அக்கா.

பள்ளிகளில் பேசிப் பழகிய வாய். "யாருகிட்டயும் கேக்க வேணாம்க்கா. அதானே அதோட பெருமையே," என்று சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சரி, இன்னொரு தடவை படி," என்றாள். "மெதுவா."