பின்னால் வரும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவதை, படுக்கையறையில் கண்ணை மூடிக்கொண்டு சர்வேயர் கேட்டுக்கொண்டிருந்தார். நாடா கட்டுவதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சந்தேகப்படத் தெரியாது. முதலில் காலை உள்ளே நுழைத்துத் தரையில் தட்டுவாள். பிறகு நாடாவைச் சர்ரென்று இழுப்பாள். பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வராது. அப்போது போனைப் பார்க்கிறாள் என்பது அவருடைய கணிப்பு. அதை உறுதிப்படுத்துவதுபோல ஒரு சின்னச் சிரிப்பு வரும். கடைசியில் வெளிக்கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போவாள். தூங்குகிற மனுஷன் எழுந்துவிடக் கூடாதே என்ற கரிசனம் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். சர்வேயர் அப்படி நினைக்கவில்லை.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுப்பது அவர் தொழில். நின்ற வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போனான் என்று வண்டிக்காரர் சத்தியம் செய்வார். சர்வேயர் குனிந்து, பம்பரின் மடிப்பில் சிக்கியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்கை நகத்தால் சுரண்டி எடுத்து, “உங்க வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு என்ன கலர்?” என்று கேட்பார். ஆள் அசடு வழிய நிற்பார். இப்படியே காலம் ஓடியதில், மனிதர்கள் வாயால் சொல்வது எதையும் அவர் நம்புவதை விட்டுவிட்டார். தகரம் பொய் சொல்லாது என்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று பட்டறைகளில் அவருக்குப் பெயர். அந்தக் கண் இப்போது வீட்டுக்குள் திரும்பியிருந்தது.

எல்லாம் மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து ஆரம்பித்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவிக்கு, வாரக்கடைசியில் என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் களிமண் வகுப்புக்குப் போனாள். எந்த மேஜையில் வைத்தாலும் ஒரு பக்கமாகச் சாயும் கிண்ணம் ஒன்றை உருவாக்கிக்கொண்டு வந்தாள். பிறகு நீச்சல். மூக்கில் தண்ணீர் ஏறி ஒரு வாரம் தும்மியதோடு அது முடிந்தது. அடுத்தது ஓட்டம் என்றபோது சர்வேயர் பெரிதாகக் கவலைப்படவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடப்பதற்கே அலுத்துக்கொள்கிறவள், எத்தனை நாளைக்கு ஓடிவிடப் போகிறாள்?

ஓடினாள். சனிக்கிழமை இரவு டிவியை அணைத்துவிட்டுச் சீக்கிரம் படுத்தாள். கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஷூ வாங்கினாள். திரும்பி வரும்போது முகம் சிவந்து, ஏதோ நல்ல செய்தி கேட்டுவிட்டு வந்தவள்போல இருந்தாள். பேச்சில் புதிதாகக் கேப்டன் என்று ஒரு ஆள் நுழைந்தார். மூச்சை எப்படி இழுக்க வேண்டும், ராத்திரி என்ன சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் கேப்டன் சொன்னதாக இருந்தது. தான் இத்தனை வருஷமாகச் சொன்ன எதையும் இவள் இவ்வளவு சிரத்தையாகக் கேட்டதில்லை என்று சர்வேயருக்குத் தோன்றியது. வலித்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வலிக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். விசாரித்துத்தான் பழக்கம்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தனக்குத் தெரிந்த பட்டறைக்காரரிடம் சும்மா நின்றிருந்த சாம்பல் நிற வேனை இரவல் வாங்கி வந்து, இரண்டு தெரு தள்ளி நிறுத்தினார். மறுநாள் மனைவி கிளம்பியதும் பின்னாலேயே கிளம்பினார். பூங்கா வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள். கேப்டன் என்பவர் அறுபதைத் தாண்டிய அம்மாள், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த தலையை ஒட்ட வெட்டி, கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். விசிலை ஊதியதும் எல்லோரும் வரிசையாக ஓடத் தொடங்கினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்கள். சர்வேயருக்கு மனம் ஆறவில்லை. கேப்டன் இல்லையென்றால் வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஓட்டம் இருப்பதாகச் சொன்ன எந்தக் காலையையும் விடவில்லை. அவர்கள் நின்றால் நின்றார், திரும்பினால் தானும் தள்ளிப் போய்த் திரும்பினார். ஆபத்தான எதையும் அவர் காணவில்லை. கண்டதெல்லாம் மனைவியின் முதுகு. அந்த முதுகு அடிக்கடி குலுங்கியது. பக்கத்தில் ஓடுபவர்களிடம் ஏதோ சொல்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள், ஒருத்தி நின்று முழங்காலில் கை ஊன்றிச் சிரிக்கிறாள். அப்படி என்னதான் சொல்கிறாள்? வீட்டில் இவள் யாரையும் இப்படிச் சிரிக்க வைத்ததாக அவருக்கு நினைவில்லை. ஓட்டம் முடிவதற்குள் கிளம்பி, வேனைப் பட்டறையில் விட்டு, வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அவள் வந்து, “இன்னும் எந்திரிக்கலையா? உங்களுக்குக் குடுத்து வச்ச ஒடம்புங்க” என்பாள்.

போன சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்கு வந்தபோது, அவள் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பச்சை ஷூவைத் துவைத்துக் காயவைத்து, வாங்கி வந்த அட்டைப் பெட்டியிலேயே திரும்ப அடுக்கியிருந்தாள்.

“இனிமே ஓடப் போகலைங்க.”

சர்வேயருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு, “ஏன், என்னாச்சு?” என்றார்.

“ஒரு வண்டி எங்க பின்னாடியே வருது. ரொம்ப நாளா.”

“எவன் அவன்?” நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நிஜமான கோபம். காது மடலெல்லாம் சூடேறியது. “பொம்பளைங்க ஓடுற எடத்துல அவனுக்கு என்ன வேலை? கையக் கால ஒடைக்க வேணாம்? அப்பவே எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா போகாதேம்பீங்க. அதான்.” அவள் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். “சாம்பல் கலர் வேன். முன்னாடி ஒரு லைட்டுதான் எரியும். ஒத்தக் கண்ணன்னு பேரு வச்சிருக்கோம். நாங்க நின்னா அதுவும் நிக்குது. நேத்து ரெண்டு பேரு வரலைன்னுட்டாங்க. ஒருத்தியோட வீட்டுக்காரரு, ஓடுனது போதும், வீட்டுல கெடன்னுட்டாராம்.”

சர்வேயர் எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தார். அவர் எடுத்துப் போனதும் சாம்பல் வேன்தான். ஆனால் ஒரு விளக்குதான் எரியும் என்றாளே, அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் ஓட்டிய வேனில் இரண்டு விளக்கு இருந்தது. அப்படியானால் இது வேறு எவனோ. சாம்பல் நிறத்தில் ஊரில் ஒரு வேன்தானா இருக்கிறது?

“நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம், அப்பவும் வந்தா போலீசுக்குப் போயிட்டு குரூப்பையே கலைச்சிடலாம்னு கேப்டன் சொல்றாங்க. நான்தான் வரலைன்னுட்டேன்.” பெட்டி மூடியை நகத்தால் நிமிண்டிக்கொண்டே சொன்னாள்: “இப்பல்லாம் கிளினிக்குக்குப் போறப்போகூட திரும்பித் திரும்பிப் பாக்குறேங்க. பட்டப்பகல்ல. எனக்கே அசிங்கமா இருக்கு.”

அவர் பெட்டி மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க வேணா வாங்களேன், நாளைக்கு மட்டும். நீங்க கூட இருந்தா நானும் வருவேன். இருட்டுல நம்பர் தெரியல. ஆனா எங்க வீட்டுக்காரர் பாத்தாருன்னா பெயிண்ட வச்சே வண்டியோட ஜாதகத்தச் சொல்லிடுவாருன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வச்சிருக்கேன்.”

“என்னைய அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லா கேட்டீங்க போங்க. அவ்வளவு தூரம் ஓடுறப்போ வேற என்ன பேசுறது? நீங்க துணிக்கடையில சட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்து, கடைக்காரரு அழாத குறையா கும்பிட்டது. பொண்ணு வாங்குன சைக்கிளுக்கு நீங்க டார்ச் அடிச்சுப் பாத்தது. எல்லாம் சொல்லியாச்சு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க. கேப்டனுக்கு உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.” சொல்லும்போதே அவளுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. அன்று மதியம் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

அந்த முதுகு எதற்காகக் குலுங்கியது என்பது அவருக்கு இப்போது தெரிந்தது. இத்தனை வாரம் வேனுக்குள் பூனைபோலப் பதுங்கி அவர் தேடியது அவரையேதான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. வருகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

நேராகப் பட்டறைக்குப் போனார். வேன் மூலையில் நின்றிருந்தது. உள்ளே ஏறி விளக்கைப் போட்டுவிட்டு, இறங்கி முன்னால் வந்து பார்த்தார். இடது பக்கம் இருட்டாக இருந்தது.

“அது ரொம்ப நாளாவே எரியல சார்,” என்றார் பட்டறைக்காரர். “ஒங்க கண்ணுக்குத் தெரியாததான்னு நானும் சொல்லல.”

தெருவிளக்கு வெளிச்சத்தில், வண்டிக்கு உள்ளே இருந்தவருக்கு அது தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்து எந்த வண்டியையும் அவர் ஆராய்ந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருக்கு இரண்டு யோசனைகள் வந்தன. வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது ஒன்று. வேன் இனி வராது. பயம் ஓய்வதற்குள் குழுவும் கரைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பழையபடி வீட்டில் இருப்பாள். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனால் பட்டப்பகலில் பஸ் நிறுத்தத்துக்குப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிற பெண் ஒருத்தி அவர் கண் முன்னால் வந்து நின்றாள். அவளை அப்படி ஆக்கியது தான்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அது நான்தான் என்று சொன்னால் முடிந்தது. சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தார். அவள் பெட்டியைத் திறந்து ஷூவை வெளியே எடுத்து, “நீங்க வர்றீங்கன்னு சொன்னதும் கேப்டனுக்கு உசிரே வந்துடுச்சு. வரலைன்னவங்ககூட வர்றாங்களாம்” என்றாள். அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டார். காலையில் சொல்லலாம் என்று விட்டுவிட்டார்.

காலையில், பூங்கா வரை நடந்து போகும்போதும் சொல்லவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பனி ஒத்துக்கொள்ளவில்லையா என்று அவள் கேட்டாள்.

பூங்கா வாசலில் அவருக்கு மாப்பிள்ளை வரவேற்பு. “வாங்க சார், உங்களப் பத்திக் கேக்காத கதையே இல்ல,” என்று கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “நீங்க கடைசில வாங்க. எங்களுக்குப் பின்னாடி. அவன் வந்தா மொதல்ல உங்களத்தான் பாக்கணும்.” எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். சர்வேயரும் சிரித்துவைத்தார்.

விசில் ஒலித்தது. பழைய ரப்பர் ஷூவில் அவர் ஓடத் தொடங்கினார். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. வேனுக்குள்ளிருந்து பார்த்த அதே சாலைதான். ஆனால் காலால் ஓடும்போது வேறு சாலையாக இருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் சாத்தியிருந்தன. மரத்தடிகள் இருட்டாக இருந்தன. ஒவ்வொரு சந்திலிருந்தும் எதுவும் வரலாம்போல இருந்தது. யாரும் பேசவில்லை. நாலு அடிக்கு ஒரு தரம் யாராவது தலையைத் திருப்பினார்கள். அவரைத் தாண்டி, சாலையின் கடைசி வரை பார்த்துவிட்டு மறுபடி ஓடினார்கள். அவர் மனைவியும் திரும்பினாள். அந்த முகத்தை அவர் கிட்டத்தில் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவளிடம் எல்லா முகமும் பார்த்திருக்கிறார், பயந்த முகத்தைப் பார்த்ததில்லை. இப்போதே சொல்லிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டினார். கால் கேட்கவில்லை. அவள் அவருக்காகக் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, “முடியலைன்னா நடங்க” என்றாள்.

பாலம் ஏறும் இடத்தில், பின்னாலிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. வெளிச்சம் சாலையில் நீண்டு, எல்லோருடைய நிழலையும் முன்னால் தள்ளியது. கேப்டன் நீளமாக விசில் ஊதினார். ஒருத்தி வீல் என்று கத்தினாள். எல்லோரும் ஓரத்துக்குப் பாய்ந்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள்.

தண்ணீர் கேன் ஏற்றிய லாரி. ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போனது. அப்பாடா என்று யாரோ சொல்ல, எல்லோரும் உதறலோடு சிரித்தார்கள். கேப்டன் கையைத் தட்டி வரிசையைக் கிளப்பினார். அவர்கள் பாலத்தின் மேல் ஏறினார்கள்.

தலையைக் குனிந்தபடி தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்த சர்வேயர், எதிரே பச்சை ஷூவைக் கண்டு நின்றார். அவள் வரிசையோடு போகவில்லை. லாரி போன திசையையும் பார்க்கவில்லை.

“எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க,” என்றாள் மெதுவாக. “நீங்க மட்டும் பாக்கல.”

அவர் வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது.

பாலத்தின் உச்சியிலிருந்து கேப்டன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் போவதற்குத்தான் பார்த்தாள். ஆனால் திரும்பவில்லை. அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஓர் அடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னோர் அடி. அப்படியே, முதுகை அவருக்குக் காட்டாமல், மேட்டில் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தாள்.