டிரைவர் சீட்டிலும் மீட்டர்

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் நின்றவனிடம் மனைவி ஐரீன் குழந்தையை நீட்டினாள். சிலுவைமுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "கை ஜில்லுனு கீது. அப்பால தூக்கறேன்" என்றான். நேற்று கையில் கிரீஸ் என்றான். அதற்கு முந்தின நாள் சளி. ஐரீன் ஒன்றும் சொல்லவில்லை, நீட்டிய குழந்தையைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாய் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். காசிமேட்டு மீன்காரிகளிடமே பேரம் பேசி ஜெயிக்கிற வாய் அது. அந்த வாய் மூடிக்கொண்டால் வீட்டில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

சிலுவைமுத்து ஓட்டுவது ஃபேன் வண்டி. ராயபுரத்தில் அவன் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். மஞ்சள் அட்டையில் கருப்பாக மூன்று இறக்கை வரைந்து நாலு பக்கமும் ஒட்டிய சின்ன லாரி. எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று, நமக்கு எலும்பு உடைந்தால் எடுப்பார்களே, அதுபோல் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வேண்டிய கதிரியக்கச் சரக்கு ஒரு கனத்த பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். மாதவரத்துக் கிடங்கிலிருந்து அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பதும், வேலை முடிந்தபின் திரும்பக் கொண்டுவந்து இறக்குவதும் அவன் வேலை. சரக்கு என்னவோ பேனா மூடிக்குள் அடங்கிவிடும். பெட்டியைத் தூக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.

கல்யாணமாகிப் பல வருடம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். டாக்டர் குறை இல்லை என்று சொல்லிவிட்டால் நாமே தேடக் கிளம்பிவிடுவோம் இல்லையா, சிலுவைமுத்துவும் கிளம்பினான். ரொம்ப தூரம் போகவேண்டி வரவில்லை. காரணம் என்று அவன் முடிவுகட்டிய பெட்டி அவன் சீட்டுக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம், பெல்ட் போட்டுக் கட்டிவைத்தபடி இத்தனை நாளாக அவனோடுதான் வந்துகொண்டிருந்தது. ஐரீனிடம் சொல்ல வாய் வரவில்லை. மாதாவிடம் மட்டும் சொன்னான். ஒரு பிள்ளையைக் கொடு, திருவிழாத் தேருக்கு முன்னால் விளக்கு தூக்கிக்கொண்டு நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டான்.

பிள்ளை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துணியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் வந்தது. அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இத்தனை வருடம் தன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிற சனியன் இதன் மேல் இறங்கிவிட்டால்? அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் போன கைகள்தான், இன்னும் முன்னால் வரவில்லை. கிடங்கில் ஒரு குளியல், வீட்டு வாசல் குழாயில் இன்னொரு குளியல், சட்டைக்குத் தனி வாளி. இவ்வளவும் செய்துவிட்டு, குழந்தை தூங்குகிறபோது கதவோரம் நின்று பார்த்துவிட்டு வருவான். கிட்டே போகமாட்டான்.

கம்பெனி அவனுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தது. மேலே விழுகிற கதிரையெல்லாம் அது பதிந்து வைத்துக்கொள்ளுமாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எங்கேயோ அனுப்பிப் பார்ப்பார்கள். "எல்லாம் ஓகேப்பா" என்பார் கிடங்கு மேனேஜர் சுப்புராஜ். விருதுநகர் பக்கத்து மனுஷர், நல்லவர்தான். ஆனால் வழுக்கை டயரைப் பார்த்தும் ஓகேப்பா என்கிறவர். அவருடைய ஓகேயை நம்பிப் பச்சைக் குழந்தையைத் தூக்க முடியுமா? வருடத்துக்கு ஒருமுறை வகுப்பும் உண்டு. திரையில் படம் போட்டு ஒருவர் இங்கிலீஷில் பேசுவார். ஏசி நன்றாக இருக்கும். சிலுவைமுத்து அயர்ந்து தூங்குவான்.

இப்படி இருக்கையில்தான் சோதனை விதிகளை மாற்றினார்கள். அதுவரைக்கும் பெட்டியை ஏற்றிய பிறகு வண்டியைச் சுற்றிக் கதிரை அளக்கிற மீட்டரைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இனிமேல் ஏற்றுவதற்கு முன்னாலேயே காலி வண்டியைப் பார்க்க வேண்டும். பிரேக், டயர், விளக்கு, பெட்டியைக் கட்டும் பெல்ட் எதில் சின்னக் குறை இருந்தாலும் வண்டி நகரக் கூடாது. எல்லாம் சரியென்றால் கண்ணாடியில் அந்த ஒரு நடைக்கு மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதைப் பார்த்தால் வழியில் யாரும் நிறுத்தமாட்டார்கள். கூடவே இன்னொன்று. டிரைவர் சீட்டிலும் மீட்டர் வைக்க வேண்டும். காலியாக ஒருமுறை, ஏற்றியபின் ஒருமுறை, டிரைவர் கண்ணெதிரே. விஷயத்தைக் கேட்டதும் சுப்புராஜ் போய் வழுக்கை டயரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். சிலுவைமுத்துவுக்கும் பயம்தான். ஆனால் அவனுக்குள் ஒரு ஓரத்தில், எதுவாக இருந்தாலும் இனித் தெரிந்துவிடும் என்கிற ஆறுதலும் இருந்தது.

சோதனைக்கு வந்தவள் நவ்ரீன். வண்ணாரப்பேட்டைப் பெண், கம்பெனி புதிதாக வேலைக்கு எடுத்திருந்த பாதுகாப்பு அதிகாரி. வந்ததும் வண்டிக்கடியில் படுத்தே பார்த்தாள். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்றாள். "பகல்லதானம்மா போறான்?" என்றார் சுப்புராஜ். அவள் எரியாத விளக்கையே மறுபடி விரலால் காட்டினாள். பல்பு மாற்றினார்கள். பின்னாலிருந்த ஒரு டயரை விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். டயரும் மாற்றினார்கள். நான்கு வருடமாகக் கேட்டும் கிடைக்காத டயர் ஒரு மணி நேரத்தில் வந்து இறங்கியதைச் சிலுவைமுத்து வாய் பிளந்து பார்த்தான்.

அதன்பிறகு மீட்டரை எடுத்தாள். கிடங்கு வாசலில் வைத்து இயக்கியதும் அது டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். "இது எங்கயும் இருக்கறதுதாண்ணே. மண்ணுல, செவுத்துல, எல்லாத்துலயும் கொஞ்சம் கீது. பயப்படாதீங்க" என்றபடி வண்டிக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டுக்கு மேலே நீட்டினாள்.

மீட்டர் கடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

நவ்ரீன் அதை வெளியே எடுத்தாள். அடங்கியது. மறுபடி உள்ளே நீட்டினாள். மறுபடி கடகடவென்றது. சுப்புராஜ் இரண்டடி பின்னால் போனார். "வண்டி காலியாத்தானம்மா இருக்கு?"

"காலிதான் சார். அதான் சத்தம் வரக்கூடாது."

சிலுவைமுத்து அப்படியே சக்கரத்தின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். பெட்டியே இல்லாதபோதே இப்படி என்றால் சீட்டு முழுக்க ஊறிப் போயிருக்கிறது. சீட்டில் ஊறியது அதில் உட்கார்ந்தவனுக்குள் ஊறாமலா இருக்கும்? நல்லவேளை தொடவில்லை, நல்லவேளை ஒருநாளும் தொடவில்லை என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இனி தொடவே முடியாது என்பதும் அதிலேயே இருந்தது.

"மேடம்" என்றான். "வூட்ல பச்ச கொயந்த கீது மேடம். நான் இன்னும் தூக்கவே இல்ல. அதும்மேல ஒட்டிக்குமோன்னு பயந்துகினு இத்தினி நாளா கை வெக்கல. நான் நெனச்சது சரிதான் போல கீது."

யாரிடமும் சொல்லாததை ஒரு சின்னப் பெண்ணிடம், மேனேஜர் எதிரிலேயே சொல்லிவிட்டான். நவ்ரீன் அவனைப் பார்த்தாள். குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவனின் நெஞ்சுக்கு நேராக மீட்டரைப் பிடித்தாள். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக்.

"உங்ககிட்ட ஒண்ணும் இல்லண்ணே. சீட்லதான் இன்னாவோ கீது. எயுந்திருங்க."

சீட்டின் முதுகுப் பக்கம் வைத்தாள், சத்தம் குறைந்தது. அடிப்பக்கம் போகப்போகக் கூடியது. குஷனைத் தூக்கினாள். அடியில் பழைய துணி, ஸ்பேனர், ஒரு பாலிதீன் பை. பைக்கு நேராக நீட்டியதும் மீட்டருக்குப் பைத்தியம் பிடித்தது. உறை போட்ட கையால் பையைப் பிரித்தாள். உள்ளே சின்னச் சின்னக் காகித உறைகள், ஒவ்வொன்றிலும் மடித்த வெள்ளை வலைத்துணி.

"இது இன்னா?"

சிலுவைமுத்து எட்டிப் பார்த்தான். "லைட்டு மேண்டில் மேடம். பெட்ரோமாக்ஸ்க்கு போடறது. தேருக்கு முன்னாடி தூக்கிகினு போறேன்னு வேண்டிகினேன். இப்பல்லாம் எல்லாரும் எல்ஈடிதான் புடிக்கிறாங்கோ. மாதாவுக்கு நேர்ந்துட்டு பேட்டரி லைட்ட தூக்கினா நல்லாவா இருக்கும்? அதான் பாரிஸ் கார்னர்ல ஒரு பழைய கடைல தேடிப் புடிச்சி வாங்கியாந்தேன். வூட்ல வெச்சா தண்ணி பட்டுடும்னு இங்க வெச்சேன்."

நவ்ரீன் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அதிகாரி என்கிற விறைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இதுல தோரியம்னு ஒண்ணு தடவுவாங்கண்ணே, இந்தப் பழைய சரக்குலல்லாம். அதுதான் அந்த வெள்ள வெளிச்சத்த குடுக்குது. அதுவும் நம்ம பெட்டில கீறதுக்கு தூரத்து சொந்தம். கொஞ்சூண்டுதான், ஆள ஒண்ணும் பண்ணாது. எரிஞ்ச சாம்பல மட்டும் மூஞ்சிகிட்ட ஊதாதீங்க, பாப்பா கைக்கு எட்டாம வைங்க. இந்த வண்டில இருக்கவே கூடாது."

"ஏப்பா, ஊரெல்லாம் பயப்படுற பெட்டிய விட்டுட்டு மாதா விளக்குல வந்து மாட்டினியே" என்றார் சுப்புராஜ். போன உயிர் அவருக்கும் அப்போதுதான் திரும்பியிருந்தது. தானே போய்ப் பையை வாங்கிக்கொண்டு, கையை நீட்டி, உடம்பில் படாமல் பிடித்தபடி ஆபீஸ் மூலைக்குக் கொண்டுபோனார்.

பையை எடுத்தபின் காலி சீட்டில் மீட்டர் அமைதியாக இருந்தது. பெட்டியை ஏற்றிக் கட்டினார்கள். இதுதான் சிலுவைமுத்து காத்திருந்த இடம். நவ்ரீன் சீட்டில் வைத்தாள். டிக்குகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். "பாருங்க. அனுமதிச்ச அளவுல இது ஒரு மூலைக்குக் கூட வராது" என்று முள்ளைக் காட்டினாள். அவனுக்கு முள் புரிந்தது. ஆனால் கேட்க வேண்டியது முள்ளில் இல்லை.

"சட்டைல, கைல எல்லாம் ஒட்டிகினு வூட்டுக்கு வராதா மேடம்?"

"பெட்டி ஒயுங்கா மூடி இருக்கறவரைக்கும் வராது. டார்ச்லைட்டு உங்க மேல அடிக்குது, அணைச்சிட்டீங்க. சட்டைல வெளிச்சம் ஒட்டிகினா இருக்கும்? அதே மாதிரிதான். வகுப்புல சொல்லியிருப்பாங்களே?"

சிலுவைமுத்து ஏசியை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். பிறகு கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். எந்த விதியிலும் இது கிடையாது. நவ்ரீன் ஒன்றும் கேட்காமல் அவனைப் பெட்டியிலிருந்து தள்ளிக் கிடங்கு வாசலுக்கு அழைத்துப் போனாள். உள்ளங்கைகளில் வைத்தாள். முழங்கை மடிப்பில் வைத்தாள். தோளில், நெஞ்சில், கழுத்துக்குக் கீழே, குழந்தை எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் நிதானமாக வைத்துக் காட்டினாள். டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். "சந்தேகம் இருந்தா தெனமும் வாங்க, வெச்சிக் காட்டறேன்" என்றாள். "ஆனா இன்னிக்கு போனதும் தூக்குங்க."

கண்ணாடியில் ஸ்டிக்கரோடு வண்டி கிளம்பியது. எர்ணாவூர் வரைக்கும் சாதாரணமாகத்தான் ஓட்டினான். மேம்பாலத்தில் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது, உடனே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் வந்த டிரெய்லர்காரன் ஜன்னல் வழியாகப் பார்த்து "இன்னா மாமு, தூசா?" என்று கேட்டான். "ஆமா மாமு, செம தூசு" என்று சிலுவைமுத்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். போகவேண்டிய இடத்துக்குப் போய்ப் பெட்டியைக் கொடுத்தான். ஸ்டிக்கரைக் கிழித்தான். திரும்பும்போது வண்டி காலியாக வந்ததா, அவன் காலியாக வந்தானா என்று தெரியாத அளவுக்கு லேசாக இருந்தது.

அன்று வாசல் குழாயில் அவன் குளிக்கவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போனான். ஐரீன் தரையில் காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மேண்டில் பையைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"இதுக்கா?" என்றாள். "இத்தினி நாளா இதுக்கா?"

"பயந்துட்டேன் ஐரீனு."

"பொட்டப்புள்ளன்னுதான் தொடமாட்டேன்ற, புடிக்கலன்னு நெனச்சிகினு கீறேன்யா நானு. ராவெல்லாம் கொயந்தய கட்டிகினு அயுதுகினு கெடக்கறேன். உனக்கு நா ஆகலியா, ஒரு வார்த்த சொல்றதுக்கு?" குரல் ஏறிக்கொண்டே போய் உடைந்தது. அதற்குப்பிறகு திட்டினாள் பாருங்கள், அவனை, அவன் கம்பெனியை, இங்கிலீஷில் வகுப்பெடுத்தவனை, ஒருவரையும் விடவில்லை. சிலுவைமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டான். வீடு சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

மூச்சு வாங்க நிறுத்தினாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எயுந்து நில்லு. கயுத்துக்குக் கீய கை வெச்சிப் புடி. அப்பிடி இல்ல, இப்பிடி" என்று குழந்தையை அவன் கைகளில் வைத்தாள். சரியாகப் பிடித்திருக்கிறானா என்று ஒருமுறை பார்த்தாள். "நான் தலைக்கு ஊத்திகினு வரேன். நிம்மதியா குளிச்சி எத்தினி நாளாவுது" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குளியலறையில் வாளி நிறைகிற சத்தம் கேட்டது. அவனுக்குக் குழந்தையோடு உட்காருவது எப்படி என்று தெரியவில்லை, நடுவீட்டில் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் நினைத்ததைவிட லேசாக இருந்தாள், நினைத்ததைவிடச் சூடாகவும் இருந்தாள். அவன் கன்னத்து மயிர் குத்தியதோ என்னவோ, முகத்தைச் சுளித்து, வாயைச் சப்புக்கொட்டி, அவன் சட்டைப் பையின் ஓரமாக முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பையிலிருந்து செல்போன் அடித்தது. சுப்புராஜாகத்தான் இருக்கும், நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்க. குழந்தை கண்ணைத் திறந்து, எங்கிருந்து சத்தம் என்று தெரியாமல் அவனையே பார்த்தது. போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க அவனுக்குக் கை இல்லை.