அன்பிய நோட்டு

உபகாரமேரிக்கு ஒரு விஷயத்தில் உள்ளூரப் பெருமை உண்டு. அவள் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை, நாம் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருடமாகக் கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். எந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை மாதம், எவன் யாருக்குத் தெரியாமல் எந்த மாத்திரை தின்கிறான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மலையை விட்டுக் கீழே இறங்கியது கிடையாது. "நர்ஸம்மாகிட்ட தைரியமா சொல்லு, வெளிய போவாது" என்று மலைக்காரப் பெண்கள் புது மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து எதுவும் வராது என்று நானே நம்பியிருந்தேன்.

வீடு கீழே, கள்ளக்குறிச்சி டவுனில். ஞாயிறு பூசைக்குப் போவது ஊருக்கு மேற்கே இருக்கிற சின்ன மாதா கோயிலுக்கு. விஷச் சாராயம் குடித்துக் கருணாபுரம் பக்கம் பல பேர் செத்துப்போன அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு, கோயிலில் வாராவாரம் "இறந்தவர்களுக்காக மன்றாடுவோம்" என்று படித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று மாதம் பொறுத்தாள். நாலாவது மாதம் பொங்கிவிட்டாள்.

"நம்ம மதிலுக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவுல அரை கிலோமீட்டர்கூட கெடையாது. இங்கயே உக்காந்து வேண்டிக்கினு இருந்தா அவங்க வூட்ல அடுப்பு எரிஞ்சிடுமா? வாங்க, எழுந்து போலாம்."

சொன்னதோடு நிற்கவில்லை. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து, வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அன்பியம் என்று அதற்குப் பெயர். அந்த அன்பியத்திலிருந்து ஆறு பெண்களைக் கிளப்பிக்கொண்டு, புதன்கிழமை சாயங்காலங்களில் கருணாபுரத்தை ஒட்டின அந்தத் தெருவுக்குப் போக ஆரம்பித்தாள். ஒருத்தி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இன்னொருத்தி, பிரின்சி, விதவை உதவித்தொகைக்கு மனு எழுதினாள். உபகாரமேரி பி.பி. பார்த்தாள், சர்க்கரை பார்த்தாள். ஒரு கட்டளையும் போட்டாள்: தெருவில் பைபிள் பேச்சு கூடாது, ஜெபம் கூடாது, துண்டுப் பிரசுரம் கூடவே கூடாது. "சாமிக்கு ஆள் புடிக்க வந்துட்டாங்கன்னு ஒருத்தர் வாயிலயும் நாம வுழக்கூடாது" என்றாள். கோயிலில் சில பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்!

முதல் இரண்டு மாதம் தெரு அவர்களை முறைத்துப் பார்த்தது. அப்புறம் நாற்காலி போட்டது. அப்புறம் டீ கொடுத்தது.

செந்தமிழ்ச்செல்வி அந்தத் தெருவில் மூன்றாவது வீடு. புருஷன் வெங்கடேசன் மூட்டை தூக்குகிறவன்; அந்த ஜூனில் போனவர்களில் அவனும் ஒருவன். ஒரே மகள் எழில்மதி, பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு அந்தச் சாராயப் பாக்கெட்டை வாங்கி வந்து கொடுத்தது அவருடைய கூட்டாளி ராசுதான் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருந்தாள். ராசு எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுப் போவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான்.

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. பி.பி. மெஷினின் பட்டை கையில் சுற்றியிருக்க, செல்வி திடீரென்று சொன்னாள்.

"ராசு வாங்கலக்கா. நான்தான் வாங்கியாந்தேன்."

உபகாரமேரி காற்றடிப்பதை நிறுத்தினாள்.

"அன்னிக்கு அதுக்கு இடுப்பு புடிச்சிக்கினு எழுந்துக்கவே முடியல. 'இன்னிக்கி ஒரு நாளு நீ போயி வாங்கியா'ன்னுச்சு. திட்டிக்கினேதான் போனேன். ரெண்டு பாக்கெட்டு. என் கையாலதான் டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன். எழிலுக்குத் தெரியாதுக்கா. மார்ச்சுல பரிச்சை முடியட்டும், நானே அவளக் கூப்ட்டு உக்கார வெச்சி சொல்லப்போறேன். அதுவரைக்கும் உங்க வயித்துலயே இருக்கட்டும்."

"இருக்கும்மா. நீ சொன்னதும் நான் கேட்டதும் இதோட முடிஞ்சுது" என்று அவள் கையை அழுத்திப் பிடித்தாள் உபகாரமேரி. அன்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.

தை பிறப்பதற்கு முந்தின ஞாயிறு, சமத்துவப் பொங்கலை அந்தத் தெருவிலேயே வைப்பது என்று கோயிலில் முடிவாயிற்று. நல்ல முடிவுதான். தெருப் பெண்களும் கோயில் பெண்களும் கலந்து கோலம் போட்டார்கள். நாலு பெரிய பானை, கரும்புக் கட்டு, பந்தல். வெங்கடேசனின் அக்கா பெரியநாயகி மணலூர்பேட்டையிலிருந்து எழிலுக்குப் பொங்கல் துணி கொண்டுவந்திருந்தாள். அவளும் கோலத்தில் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

மைக் சேவியர்ராஜ் கையில் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார், கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவைக்குச் செயலாளர். கெட்ட மனுஷன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கியதே அவர்தான். ஆனால் கையில் மைக் வந்துவிட்டால் அவருக்கு வேறொரு ஆவேசம் வந்துவிடும். பானை பொங்கியது. குலவை போட்டார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அன்பான தெரு மக்களே! கோயில் மதிலைத் தாண்டி நாங்கள் உங்களைத் தேடி வந்திருக்கிறோம். உங்கள் ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி நாங்கள் மன்றாடி வருகிறோம். தன் கணவருக்குத் தன் கையாலேயே அந்தப் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் குற்ற உணர்ச்சியில் தவிக்கிற சகோதரி செந்தமிழ்ச்செல்விக்காகக்கூட எங்கள் அன்பியத்தில் கண்ணீரோடு..."

குழாய் ஸ்பீக்கர் தெருவின் இரண்டு முனைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடப்பாவி மனுஷா! ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கக் கூடாதா? அவர் பாட்டுக்கு மன்னிப்பு, சமாதானம் என்று பேசிக்கொண்டே போனார். தெரு மொத்தமும் செல்வியைத் திரும்பிப் பார்த்தது. கையில் கரண்டியோடு பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் அவள்.

எழில்மதி சிநேகிதிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா சொல்றாரு அவரு?"

செல்வி அவள் கையைப் பிடிக்கப் போனாள். எழில் கையை இழுத்துக்கொண்டாள்.

"ராசு மாமான்னுதான சொன்ன? நான் அவர் மூஞ்சில துப்பிக்கினு இருந்தேனேம்மா ஒன்றரை வருசமா. நீ பாத்துக்கினுதான இருந்த?"

அப்புறம் அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. வீட்டுக்குள் போய்ப் புத்தகப் பையையும் இரண்டு உடுப்பையும் எடுத்துக்கொண்டு வந்து அத்தைக்குப் பக்கத்தில் நின்றாள். பெரியநாயகி தம்பி பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தாள், கீழே எச்சிலைத் துப்பினாள், பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள். பொங்கலை யாரும் இலையில் வாங்கவில்லை.

உபகாரமேரி ஓடிப்போய்ச் செல்வியின் தோளைத் தொட்டாள். செல்வி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"யார்கிட்டக்கா சொன்னீங்க?"

"மாதா மேல ஆணையா ஒருத்தர்கிட்டயும் சொல்லல செல்வி. இந்த வாய் அழுகிப் போவட்டும், நான் சொல்லல."

"உங்களத் தவிர நான் யாருக்குமே சொல்லலியேக்கா" என்றாள் செல்வி. குரல் உயரக்கூட இல்லை. கரண்டியைப் பானைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உபகாரமேரி பானையைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எந்தப் புண்ணியவதி ஒட்டுக்கேட்டாள்? யார் தன்னை இப்படி முதுகில் குத்தினது? இருபத்திரண்டு வருஷம் மலையில் கட்டிக் காத்த பெயர், ஒரே சாயங்காலத்தில் நாலு பானைக்கு நடுவில் போயிற்றே! நேரே சேவியர்ராஜிடம் போய் நின்றாள்.

"யார் சொன்னது உங்களுக்கு? இப்பவே சொல்லுங்க."

வாத்தியார் மிரண்டுவிட்டார். நல்லது செய்ததாகவே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். "அன்பிய நோட்டுல இருந்துதேக்கா. பொங்கலுக்கு அறிக்கை எழுதணும்னு பிரின்சிகிட்ட வாங்கிப் படிச்சேன்" என்றார்.

பிரின்சி! அந்தப் புதன்கிழமை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தவள்! சொந்தத் தங்கச்சிபோல வைத்திருந்தாளே அவளை. உபகாரமேரி செருப்பைச் சரியாக மாட்டாமலே அவள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். காதில் விழுந்ததை அப்படியே நோட்டில் ஏற்றிவிடுவதா, உன் வீட்டுச் சங்கதியை இப்படி எழுதினால் சும்மா இருப்பாயா, இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டாள். பிரின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து விரித்துக் காட்டினாள்.

அன்பியத்தில் ஒரு வழக்கம். ஜெபமாலை முடிந்ததும் மெழுகுவர்த்தியைச் சுற்றி ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்வார்கள். மற்றவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். யார், எதற்காக வேண்டிக்கொண்டார்கள் என்று செயலாளர் நோட்டில் குறித்துக்கொள்வார். வேண்டுதல் நிறைவேறினால் நன்றி சொல்ல வேண்டுமே, அதற்காக. பிரின்சிதான் அன்பியத்துக்குச் செயலாளர்.

நோட்டில் தேதி இருந்தது. செல்வி சொன்ன புதனுக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை. 'உபகாரமேரி அக்கா: கணவருக்குத் தன் கையால் சாராயம் வாங்கிக் கொடுத்த செந்தமிழ்ச்செல்வி மனச் சமாதானம் பெறவும், மகளிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் பெறவும்.'

"நீங்கதாங்கா சொன்னீங்க" என்றாள் பிரின்சி. "அழுதுக்கினே சொன்னீங்க. நாங்க எல்லாரும் கூட அழுதோம்."

உபகாரமேரி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள் அன்று. மனசு அப்படிக் கனத்துக் கிடந்தது. சாமியிடம் இறக்கி வைத்தாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அந்த அறையில் வேறு மனுஷர்கள் இருந்ததே அவளுக்கு உறைக்கவில்லை. பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். மலையில் யாரிடமும் வாய் திறக்காதவள், ஜெபம் என்று வந்ததும் பேரோடு ஊரோடு கொட்டியிருக்கிறாள். கொட்டியது சொன்னதில் சேரும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மாதா மேல் ஆணை வேறு வைத்துவிட்டு வந்தாள்! பிரின்சியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிரின்சி நோட்டை மூடிவிட்டு, "என்கிட்ட எதுக்குக்கா?" என்றாள்.

மறுநாள் காலையில் தெருவுக்குப் போனபோது செல்வி வீடு பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டுக்காரி ஜன்னலுக்குள்ளிருந்தே சொன்னாள். நாற்காலி போடவில்லை. உபகாரமேரி ஆட்டோ பிடித்துப் போனாள். மணலூர்பேட்டைக்குப் போக ஏறுகிற திருக்கோவிலூர் பஸ் நிற்கிற இடத்தில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு செல்வி உட்கார்ந்திருந்தாள். மகள் விட்டுப்போன பரீட்சை கைடுகள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

உபகாரமேரி அவள் எதிரே நின்றாள். உட்காரத் துணிவில்லை.

"நான்தான் செல்வி. வேற யாரும் இல்ல. நான்தான் சொல்லிட்டேன்."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்ன நெனச்சி மனசு தாங்கல. சாமிகிட்ட சொன்னேன். மனுசங்ககிட்ட சொல்லணும்னு சொல்லல, சத்தியமா சாமிகிட்டதான் சொன்னேன்."

"சத்தமாவா சொன்னீங்க?"

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"சாமிக்குக் காது நல்லாத்தான கேக்கும்" என்றாள் செல்வி. "தெனமும் ராவுல படுத்துக்கினு சொல்லிச் சொல்லிப் பாப்பேங்கா. எந்த வார்த்தைல ஆரம்பிக்கிறது, அவ அழுதா இன்னா சொல்றது, ராசு கால்ல ரெண்டு பேருமா போயி வுழுவுறது எல்லாம். அத்தனையும் யோசிச்சி வெச்சிருந்தேன். அவ என் வாயால கேட்டிருந்தா ஒருவேள என்ன அடிச்சிருப்பா. அடிச்சிட்டு என்கூடவே இருந்திருப்பா."

"நானும் வரேன் செல்வி. மணலூர்பேட்டைக்கு வந்து எழில்கிட்ட நான் பேசறேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தான். செல்வி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வேணாங்கா. என் பொண்ணுகிட்ட பேசறதுக்கு இனிமேலாவது என்ன உடுங்க."

ஏறிப் போய், உபகாரமேரி நின்ற பக்கத்து ஜன்னலை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பஸ் பின்னால் எடுத்துத் திரும்பி, ரோட்டில் ஏறிப் போய்விட்டது.