கழுதை வரிசை

ரூமானா காலையிலிருந்து கம்ப்யூட்டர் அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் வைத்த பால் இரண்டு தரம் பொங்கி வழிந்து, அம்மா ஜீனத்துன்னிசா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா பதில் கேட்டு வருகிறார். மறுநாள் அவருக்குப் பாரீசுக்கு விமானம். மாப்பிள்ளை உசேனுக்கு அங்கேதான் வேலை. போட்டோவில் ஆளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரூமானா லேசில் தலையாட்டுகிற பெண்ணா? "போய் இருக்கப்போற வீட்ட பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்" என்றுவிட்டாள். உசேனும் மறுக்காமல் வீட்டையும் தெருவையும் வீடியோ எடுத்தான். அது மெயிலில் அடங்காத அளவு பெரிது. அதனால் அவன் எப்போதும் பாட்டும் படமும் பகிர்கிற, கழுதைப் படம் போட்ட ஒரு புரோகிராமில் வைத்துவிட்டு, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

வந்தது வினை.

"கழுத எங்க வந்திருக்கு?" என்று சமையலறையிலிருந்து ஜீனத்துன்னிசா கேட்டாள்.

"வரிசையில நிக்குதும்மா. எரநூறு பேருக்குப் பின்னால நாம" என்றான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் நுஃமான்.

அதே திரையின் கீழ் மூலையில் அவன் இறக்கிக்கொண்டிருந்த சினிமா ஒன்று கிடுகிடுவென்று பாதியைத் தாண்டியிருந்தது. ரூமானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் படம் மட்டும் எப்படி இந்த ஓட்டம் ஓடுது?"

"இது டோரண்ட்டு. ஊரு பேரு தெரியாத ஆயிரம் பேரு ஆளுக்கொரு துண்டு குடுக்கறாங்க. உன் வீடியோவ வச்சிருக்கறது மாப்ள ஒருத்தருதான். அவருகிட்ட இருக்கற பாட்டு, படத்துக்கெல்லாம் ஒரு கூட்டமே நிக்குது."

"முதல்ல உன் படத்த நிறுத்து."

நிறுத்தினான். வரிசை அசையவில்லை. ரூமானா நகத்தைக் கடித்தாள்.

"அவரு நெனச்சா நம்மள முன்னால விடலாம்" என்றான் நுஃமான், தலையைச் சொறிந்தபடி. "கழுதையில ஃப்ரெண்டுன்னு ஒரே ஒருத்தர வச்சுக்கலாம். அந்த ஆளுக்கு வரிசை கெடையாது, நேரா உள்ள போயிடலாம்."

"இத இப்பதான் சொல்றியா? போனப் போடு!"

ஞாயிற்றுக்கிழமை. உசேன் வீட்டில்தான் இருந்தான். நுஃமான் விஷயத்தைச் சொல்ல, ஸ்பீக்கரில் உசேனின் குரல் கணீரென்று வந்தது.

"அடடா, அந்த எடத்த இங்க ஒரு ஃப்ரெண்டுக்குக் குடுத்துட்டேனே மச்சான். ஏதோ சீரியல் இறக்கிட்டிருக்கான். பாதியில புடுங்கினா தப்பா நெனச்சுக்குவான்."

"சாயங்காலம் உங்கம்மா வராங்களே."

"தெரியும் மச்சான். ஆனா நீங்க நம்ம வீட்டு ஆளுங்களாச்சே, கொஞ்சம் பொறுத்துக்க மாட்டீங்களா?" என்று சிரித்தான். நல்ல மனுசனின் சிரிப்புதான்.

ரூமானாவின் தவிப்பு அந்த நொடியே கோபமாகிவிட்டது. வீட்டு ஆளாவதற்கு முன்பே பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவன், ஆன பிறகு எத்தனை பேருக்குப் பின்னால் நிற்கவைப்பான்? அதன்பின் அவள் அந்த அறைப்பக்கமே போகவில்லை.

சாயங்காலம் டீயைக் கொடுத்துவிட்டு அவளே சொன்னாள். "மன்னிச்சிடுங்க மாமி. எனக்கு இது சரிப்பட்டு வராது." அந்த அம்மாள் டீயைத் தொடாமலே எழுந்து போனார். ஜீனத்துன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரூமானா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை வீடியோ முழுசாக வந்து சேர்ந்திருந்தது. ஃப்ரெண்டின் சீரியல் முடிந்திருக்க வேண்டும். மூவரும் பார்த்தார்கள். பெரிய சன்னல், அதற்கு வெளியே வரிசையாக மரங்கள், பளபளவென்று ஒரு சமையலறை.

"பாருடி! எப்பேர்ப்பட்ட வீட்ட விட்டுட்ட!" என்று ஜீனத்துன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"வீடு நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள் ரூமானா. "பொறுமைசாலியா ஒருத்தி வந்து இருக்கட்டும்."