முப்பதாவது பேர்

என் கணவரின் சட்டையை இஸ்திரி போட எடுத்தபோதுதான் பையில் அந்தக் கடிதம் அகப்பட்டது. பேராயருக்கு எழுதியது. சபை மக்கள் இந்தப் போதகரை ஏற்றுக்கொள்ளாததால் வேறொருவரை அனுப்பும்படி சுத்தமாக டைப் அடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். வந்து மூன்று வாரம்கூட ஆகாத பெண்ணை விரட்ட என்ன அவசரம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தைப் பழையபடி பையிலேயே வைத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார்கள். அதை எடுக்கிறவர்கள் முந்தின நாள், சனிக்கிழமை ஐந்து மணிக்குள், ஆலயத்தின் பக்க அறையில் பேர் கொடுக்க வேண்டும். முப்பது பேராவது சேராவிட்டால் மறுநாள் திருவிருந்து கிடையாது. அப்படி நின்றுபோனால், போதகரை மாற்றச் சொல்லிக் கமிட்டி எழுதலாம். எனக்குத் தெரிந்த நாளாக ஆண்கள்தான் போய், எங்கள் வீட்டில் நாலு பேர், அஞ்சு பேர் என்று சொல்லிவிட்டு வருவார்கள். சபைச் செயலாளரான என் கணவர் எழுதிக்கொள்வார். இந்தத் தடவை வந்திருப்பது பெண் போதகர் அல்லவா, ஆண்கள் யாரும் போவதில்லை என்று தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேரே போதகரம்மாவிடம் போய்க் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். உடைந்துபோவார் என்று நினைத்தேன். அவர் பேர் எழுதும் நோட்டை எடுத்து அட்டையைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில் விதி அச்சடித்திருந்தது: திடப்படுத்தல் பெற்றுத் திருவிருந்து எடுக்கும் உரிமையுள்ள ஒவ்வொருவரும் தம் பேரைத் தாமே கொடுக்க வேண்டும், எழுந்து வர முடியாதவர்களின் பேரைப் போதகர் நேரில் கேட்டு வரலாம். இருபது வருஷம் அந்த நோட்டோடு உட்கார்ந்த என் வீட்டுக்காரர் அட்டையைத் திறந்து பார்த்ததே இல்லை.

"போன ஞாயிறு அறிவிப்புல இத வாசிச்சேன்க்கா," என்றார் போதகரம்மா. அறிவிப்பு நேரத்தில் யார் கேட்கிறார்கள்? பாதிப் பேர் செருப்பை எங்கே விட்டோம் என்ற யோசனையில் இருப்பார்கள்.

நான் தையல்காரி. சபைப் பெண்கள் எல்லாரும் என் அளவு நோட்டில் அவரவர் பேரில்தான் இருக்கிறார்கள், யாருடைய சம்சாரமாகவும் இல்லை. வியாழக்கிழமை அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு டீச்சர், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தாள். ஜாக்கெட்டுக்குக் கழுத்து எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவரைக் கேட்டா சொல்கிறாய் என்றேன். நர்ஸ் ஒருத்தி மறுபேச்சுப் பேசவில்லை. டியூட்டி முடிந்ததும் வருகிறேன் என்றாள்.

என் மாமியாரிடம் மட்டும் நான் வாயே திறக்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, போதகரம்மா அவரைப் பார்க்க வந்தபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு மானம் போயிற்று. டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். போதகரம்மா ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை முதல் ஆளாக நான்தான் போனேன். மேசையில் என் கணவர், பக்கத்தில் போதகரம்மா. இவர் என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"வீட்ல பேசிக்கலாம்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இருபத்தாறு வருஷமா வீட்லதான் பேசினோம். என் பேர எழுதுங்க."

எழுதினார். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க எழுதிக் கொடுத்த பிறகு அவர் கையால் என் பேரை எழுதியது அன்றுதான்.

அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, சிலர் செயலாளர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது யூனிஃபார்மோடு ஓடி வந்தாள் நர்ஸ். இருபத்தொன்பது. அதற்குப் பிறகு வாசலில் யாரும் இல்லை. டீச்சர் வரவேயில்லை. போதகரம்மா தன் பேரைச் சேர்க்கவும் விதி இடம் கொடுக்காது. என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்து, தேதி போடப் பேனாவைத் திறந்தார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு ஐயா," என்றார் போதகரம்மா. "எழுந்து வர முடியாதவங்க பேரு ஒண்ணு கேட்டு வந்திருக்கேன். உங்க அம்மா."

இவர் சிரித்தார். "எங்கம்மாவா? அவங்க உங்க முகத்தயே பாக்கலன்னு கேள்விப்பட்டேன்."

"முதல்ல பாக்கல. அப்புறம் பாத்தாங்க." போதகரம்மா குரலை உயர்த்தவே இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. 'அவன் எழுத மாட்டேன்னா என்னயக் கட்டிலோட தூக்கிட்டுப் போங்க, நானே எழுதுறேன்'னு."

அச்சு அசல் என் மாமியாரின் பேச்சு. அது இட்டுக்கட்டியதல்ல என்று இவருக்கும் தெரிந்துபோயிற்று. காது மடல் சிவக்க, தேதி போடத் திறந்த அதே பேனாவால், முப்பது என்று எண் போட்டு அதற்கு நேரே தன் தாயின் பேரை எழுதினார். வீட்டுக்குப் போனதும் அந்தக் கிழவியின் காலைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"உங்க பேரு ஐயா?" என்றார் போதகரம்மா. "ரெண்டு நிமிஷம் இருக்கு."

இவர் பேனாவை மூடினார். மணி ஐந்து அடித்தது.

"சரி, அடுத்த மாசம் கேக்குறேன்," என்று போதகரம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் அம்மாவுக்குத் திருவிருந்து எடுத்துட்டு வர்றேன். நீங்களே கதவத் திறங்க."