கை படாமல் நகரும் ஸ்லைடு

பொது மேலாளருக்கு ஸ்லைடு மாற்றும் பொத்தான் என்றாலே ஆகாது. நல்ல செய்தி என்றால் மைக்கைப் பிடுங்கிச் சொல்வார். கெட்ட செய்தி மட்டும் தானாக வந்ததுபோல் இருக்க வேண்டும். "அனிமேஷன் முடிஞ்சதும் அதுவா அடுத்த ஸ்லைடுக்குப் போயிடணும். கூட்டத்துல யாரும் கீபோர்டுல கை வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

உத்தரவை வாங்கிக்கொண்டவள் ஸ்லைடு அக்கா. பியூன் முதல் தலைவர் வரை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அதுதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

எட்டாவது ஸ்லைடில் ஒரு வளர்ச்சிச் சக்கரம் கேட்டார் மேலாளர். "அது சுத்திக்கிட்டே இருக்கணும். வளர்ச்சி எங்கயாவது நிக்குமா?"

"சார், அது நின்னாத்தானே அடுத்த ஸ்லைடு..."

"சொன்னதைச் செய்யுங்க."

செய்தாள். அப்புறம் ஒன்பதாவது ஸ்லைடுக்கான வரியை ஒரு துண்டுச் சீட்டில் நீட்டினார்: பராமரிப்புப் பிரிவு இந்த மாத இறுதியோடு மூடப்படுகிறது. அந்தப் பிரிவில்தான் அவள் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக மின்விசிறி முதல் கம்ப்யூட்டர் வரை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பு வேறு. அன்று மாலை அவர் சாப்பிட்டுக்கொண்டே மூன்றாம் மாடி லிஃப்டின் கோளாறைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வாயெடுத்தாள்; அதற்குப் பதில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் கூட்டத்தில் ஏழு ஸ்லைடுகள் சமர்த்தாகத் தாமே நகர்ந்தன. எட்டாவதில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மேலாளர் வளர்ச்சியைப் பற்றிப் பேசி முடித்து, வேறு வழியில்லாமல் வளர்ச்சியின் வளர்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முன்வரிசையில் தலைவர் கண்ணைக் கசக்கினார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தலைவர் கிளம்பிவிடுவார். இன்னும் பத்து நிமிடம். தலைவர் முன்னால் கூட்டத்தில் அறிவிக்காமல் எந்தப் பிரிவையும் மூட முடியாது; இன்று தப்பித்தால் அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான். சுத்து, சுத்து என்று மனசுக்குள் சக்கரத்தைக் கெஞ்சினாள்.

"பராமரிப்புல யாராவது இருக்கீங்களா?" என்றார் மேலாளர், தானே தடுத்த கீபோர்டைத் தட்டச் சொல்ல மனமில்லாமல், அசடு வழிய.

நாலாவது வரிசையில் அவள் வீட்டுக்காரர் எழுந்தார். எப்போதும் பின்வாசல் வழியாக வந்து போகிற மனிதர், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு தலைவர் முன்னால் நிமிர்ந்து நடந்து வந்தார். அவள் அருகே குனிந்தார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. விடுங்க."

"அட, சக்கரத்தை முடிவே இல்லாம ஓட விட்டிருக்க. ஒரே சுத்துன்னு மாத்தினா போதும்."

மௌஸின் மேல் இருந்த கையை அவள் எடுக்கவில்லை. "வேணாங்க. போய் உக்காருங்க."

மேலாளருக்குப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். "பயப்படாத, பழி உன் மேல வராது. நான் பாத்துக்கறேன்" என்று அவள் கையை மெதுவாக நகர்த்தினார்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றி நின்றது. தலைவரே கைதட்ட, அரங்கம் முழுக்கத் தட்டியது. பத்தொன்பது வருடத்தில் அவருக்காக யாரும் கைதட்டியதில்லை. திரைக்கு முதுகைக் காட்டியபடி, கூச்சத்தோடு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்பதாவது ஸ்லைடு எழுத்தெழுத்தாக வந்து விழுந்தது. முன்வரிசையில் கைதட்டல் நின்றுவிட்டது. பின்வரிசையில் எழுத்து சரியாகத் தெரியாததால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அவள் எதைப் பார்த்து அழுகிறாள் என்று வீட்டுக்காரர் திரும்பினார்.

அதற்குள் அனிமேஷன் முடிந்து, யாரும் கை வைக்காமலே கடைசி ஸ்லைடு வந்துவிட்டது. சுற்றிலும் பூக்கள் விரிய, நடுவில் 'நன்றி' என்று இருந்தது.

"பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார் அவர்.