காடு மூடியிருந்த சனிக்கிழமை

நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக ஊரார் அழுக்கைப் பார்க்கிறவள். யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் டாக்டர் பேச்சைக் கேட்காமல் எண்ணெய்ப் பலகாரத்தில் கை வைக்கிறார் என்பதெல்லாம் காலர் வழியாகவும் கைப்பட்டி வழியாகவும் எனக்கு வந்து சேர்ந்துவிடும். சொந்த வீட்டுத் துணியை மட்டும் உற்றுப் பார்த்ததில்லை. அது என் மடத்தனம்.

வீட்டில் அப்பாவும் நானும்தான். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பாவோடு ஒத்துவரவில்லையாம். என்னோடு என்ன ஒத்துவரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அப்பா பஸ்ஸும் ஓட்டினார், சமையலும் செய்தார், கோணல்மாணலாக எனக்குச் சடையும் பின்னிவிட்டார். எனக்கென்று இருக்கும் ஒரே மனுஷர்.

ஓய்வு பெற்றதிலிருந்து, மூன்று கோடையாக, சனிக்கிழமை தவறாமல் தூக்குவாளியோடு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். திரும்பும்போது வாளி நிறைய ராஸ்பெரி. பொடிப்பொடியாக, சிவப்பாக, வாயில் வைத்ததும் கரைகிற பழம். பாதியை நின்ற நிலையிலேயே தின்றுவிடுவேன். மீதி ஜாமாகும். "தோட்டத்துல உரம் போட்டு ஊத வச்ச பழமெல்லாம் ஒரு பழமாப்பா? காட்டுப் பழம்னா காட்டுப் பழம்தான்" என்பேன். அப்பா தலையை ஆட்டுவார். தின்னமாட்டார். பல்லிடுக்கில் விதை மாட்டுகிறதாம்.

போன திங்கட்கிழமை வனக்காவலர் தன் சீருடையை எடுத்துப்போக வந்தார். இஸ்திரி ஆறட்டும் என்று நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"என்னண்ணே, காட்டுல இந்த வருஷம் பழம் அள்ளுதாமே?"

"யாரு சொன்னா? மழையே இல்ல. செடியோட காஞ்சு கிடக்கு. தீ பயத்துல பாதையையே அடைச்சாச்சு. பத்து நாளா ஈ, காக்கா உள்ள போகல."

முந்தாநாள்தான் அப்பா வாளி நிறையக் கொண்டுவந்திருந்தார்.

சாயங்காலம் அவரிடம் ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டேன். "காட்டுப் பாதையெல்லாம் நல்லா இருக்காப்பா?"

"அதுக்கென்ன, எப்பவும்போலத்தான்" என்றார், கண்ணிமைக்காமல்.

எனக்குச் சுருக்கென்றது. அழுக்குக் கூடையிலிருந்து அவருடைய சனிக்கிழமைச் சட்டையை எடுத்து விளக்கடியில் விரித்தேன். ராஸ்பெரிப் புதருக்குள் கைவிட்டவன் சட்டையில் நூல் இழுபட்டிருக்க வேண்டும். இல்லை. கைப்பட்டியில் சாறு பட்டிருக்க வேண்டும். இல்லை. கால்சட்டையில் ஒரு ஒட்டுப்புல் விதைகூட இல்லை. ஆனால் மூன்றாவது பொத்தானைப் புதிதாகத் தைத்திருந்தார்கள், பழுப்பு நூலால், பெருக்கல் குறி மாதிரி. நான் பொத்தான் தைத்தால் இரண்டு கோடாகத்தான் தைப்பேன். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது.

ஆக, ஒரு பொம்பளை.

அறுபத்து நான்கு வயதில் இவருக்கு என்ன கேடு என்று பல்லைக் கடித்தேன். உண்மையைச் சொன்னால், கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டேன். இவரும் போனால் நான் யாருக்குச் சமைப்பேன், யாரோடு சண்டை போடுவேன்? அந்த வாரம் முழுக்க அவரை வேவு பார்த்தேன். ஷேவிங் ஒழுங்காக இருந்தது, சந்தேகம். செருப்பைத் துடைத்தார், சந்தேகம். பாத்ரூமில் பாட்டு முணுமுணுத்தார். அதற்குமேல் எனக்குச் சாட்சியே தேவைப்படவில்லை.

சனிக்கிழமை கடையை மத்தியானமே சாத்தினேன். அப்பா பஸ் ஏறினார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். பஸ் காட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போய்க் கடைசி நிறுத்தத்தில் நின்றது. அப்பா இறங்கி, ஒரே மாதிரி ஓட்டு வீடுகள் இருந்த தெருவில் நடந்தார். ஐந்தாவது வீடு. மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. கேட்டுக்கு மேலாகக் கையை விட்டு, உள்பக்கத் தாழ்ப்பாளைப் பார்க்காமலே தூக்கினார். அந்தக் கைக்கு அந்தத் தாழ்ப்பாள் அத்தனை பழக்கம்.

பக்கச் சந்து வழியாகப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே நாலு வரிசை ராஸ்பெரி. கம்பி இழுத்து, கிழிந்த சேலைத் துண்டால் தண்டுகளைக் கட்டியிருந்தார்கள். முதுகு காட்டி ஒருத்தி பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நரைத்த கொண்டை, ஆண்பிள்ளைச் சட்டை. வாய் நிறையத் திட்டு சேர்த்துக்கொண்டேன்.

"இன்னிக்கு முக்கால் வாளிதான் தேறும்" என்றாள் அவள்.

சேர்த்த திட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்துக் கேட்டாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

நான் நின்றதை முதலில் பார்த்தது அப்பாதான். வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"எத்தனை நாளாப்பா இந்தக் கூத்து?"

"நான் சொல்றதக் கேளும்மா..."

"பொய் சொல்லிச் சொல்லி எனக்கு ஊட்டியிருக்கீங்க!"

"உண்மையச் சொல்லியிருந்தா தின்னிருப்பியா? அவ கையால பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன்னு நீதானே சொன்னே? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? காட்டுல பறிச்சதுன்னா யார் கொடுத்ததுன்னு கேட்கமாட்டே. அதான்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. ஏதோ தப்புக் கணக்கோடு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, பழம் இருந்த கையைப் பின்னால் மறைத்தாள்.

"தோட்டத்துப் பழம் உனக்குப் பிடிக்காதுன்னு அப்பா சொன்னாரு" என்றாள் மெதுவாக. "பெருசா இருந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு, சின்னதாப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவேன். ஒரு வாளிக்கு ஒரு நாள் ஆகும். பெருசையெல்லாம் நானே தின்னுடுவேன்."

மூன்று கோடை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வாயைச் சப்புக்கொட்டி இவள் பழத்தைத் தின்று, காட்டைப் புகழ்ந்திருக்கிறேன். அப்பா அதையும் இவளிடம் வந்து சொல்லியிருப்பார். என் கடை, என் காய்ச்சல், என் ஜாம், எல்லாம் இவளுக்குத் தெரியும். இவள் இருந்த தெருகூட எனக்குத் தெரியாது. ஏமாந்துபோன ஆத்திரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடத்தான் நினைத்தேன்.

போகவில்லை. சுற்றி வந்து கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அப்பா பக்கத்தில் கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு, இரண்டு பேரையும் பார்க்காமல், கடைசி வரிசைக்குப் போனேன். அவள் கையால் வாங்கமாட்டேன். வேண்டுமென்றால் நானே பறித்துக்கொள்வேன்.

கைக்கு எட்டிய முதல் பழத்தைப் பிடித்தேன். வரவில்லை. இழுத்தேன்.

"இழுக்காதடி" என்றாள் அம்மா, நேற்றுவரை கூடவே இருந்தவள்போல. "பழுத்திருந்தா தானாக் கழன்று வரும். அது காய்."

"எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். தெரியாது. மூன்று வருஷமாகத் தின்கிறேன், ஒரு பழம்கூட என் கையால் பறித்ததில்லை.

வேண்டுமென்றே இழுத்தேன். இலை, காம்பு எல்லாவற்றோடும் பிய்ந்து வந்தது. முள் கீறி விரலில் ரத்தம் எட்டிப் பார்த்தது. வாயில் போட்டுக்கொண்டேன். மகா புளிப்பு. அவளைப் பார்த்துக்கொண்டே, அழுதுகொண்டே, மென்று விழுங்கினேன்.